காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல

பொட்டிப்புரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர், சுருட்டிய காகிதக் கட்டு ஒன்றோடு நம்மைத் தேடி வந்தார். கடையின் கடன் பாக்கிப் பட்டியல் அது. புதிதாக வாங்கிய பில் போடும் கணிப்பொறியிலிருந்து அச்செடுத்தது. அதில் 17 பேர் பெயருக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். 17 பேருக்கும் பாக்கி '0.00' என்று இருந்தது. "இவர்கள் யாரும் கணக்கை நேர் செய்தவர்கள் இல்லை அண்ணே. பாதிப் பேருக்கு நானே பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்" என்றார்.

நடந்தது இதுதான். அவருடைய தகப்பனார் முப்பது வருடத்துக்கு மேல் கையால் கடன் நோட்டு எழுதியவர். கணக்கு முடிந்தவர் பெயருக்கு நேரே 'நேர்' என்று எழுதிக் கோடு போடுவார். பாக்கி தெரிந்தவருக்குத் தொகையை எழுதுவார். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. பழைய நோட்டில் கணக்கு நீண்டு கிடக்கும். தோட்டக் கூலி வந்த பிறகோ அறுவடை முடிந்த பிறகோ உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் பெயரைப் புது நோட்டில் ஏற்றி, தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். அதன் பொருள் அவருக்குத் தெரியும். கடையில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக் கொண்டிருந்தார்.

கல்லூரியில் படிக்கும் பேத்தி அந்த நோட்டை எக்ஸெல் தாளில் ஏற்றினாள். காலியாக இருந்ததைக் காலியாகவே விட்டாள். அந்தப் பெண் செய்ததில் குற்றமில்லை. பிறகு பில் சாப்ட்வேர் வந்தது. அதை விற்றவர்கள் அனுப்பிய இளைஞர் ஒரு சிறு புரோகிராம் எழுதி, எக்ஸெல் தாளை மொத்தமாக உள்ளே ஏற்றினார். பாக்கி என்ற பத்தியில் எண் இருந்தால் எண்ணை எடு, ஒன்றும் இல்லையென்றால் 0 போடு என்று அந்தப் புரோகிராமில் ஒரு வாக்கியம் இருந்தது. வேலை முடிந்ததும் திரையில் 'பிழைகள்: 0' என்று வந்தது. எல்லோரும் காப்பி சாப்பிட்டுக் கலைந்தார்கள். சில மாதங்களில் பெரியவர் காலமானார். பழைய நோட்டுகள் அதற்கு முன்பே பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன.

அந்த 17 பேரில், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போய் வரும் ஓர் அம்மாள் தாமாகவே கடைக்கு வந்து, "ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கும், பெரியவர் எழுதி வைத்திருப்பாரே" என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்ன தொகையைத்தான் கணக்கு என்று எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது? ஒருவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "உங்கள் கம்ப்யூட்டரே பாக்கி இல்லை என்கிறதே" என்று அவர் பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினாராம். பில்லின் அடியில் 'முன் பாக்கி 0.00' என்று அச்சாகியிருந்தது. கடைக்காரர் தம் கையாலேயே கொடுத்த ரசீது!

காலியாக இருப்பதும் பூஜ்யமும் ஒன்றா என்று கேட்டால், நம்மில் யாரும் ஒன்றல்ல என்றுதான் சொல்வார்கள். ஆனால் கணக்கு நோட்டிலிருந்து கணிப்பொறிக்குப் போகும் வழியில் அந்த வித்தியாசம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. எங்கே காணாமல் போகிறது என்று தெரிந்து கொள்ளாமல், 'எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும்' என்று நாம் இருந்துவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இந்த இதழில் கொஞ்சம் விரிவாக எழுத நினைக்கிறோம்.

இது ஏதோ கணிப்பொறிப் படிப்புப் படித்தவர்களுக்கான சங்கதி என்று நம்மவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. கட்டி வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். ஒரு மாதம் வியாபாரமே நடக்கவில்லை என்றால் என்ன செய்கிறோம்? சும்மா இருந்துவிடுகிறோமா? இல்லை. 'நில்' ரிட்டர்ன் தாக்கல் செய்கிறோம். 2020 ஜூன் முதல் 3பி-க்கு அதை எஸ்.எம்.எஸ். மூலமாகவே செய்ய வழி வந்துவிட்டது. வியாபாரம் பூஜ்யம் என்று நாம் வாய்திறந்து சொன்னால் அது பூஜ்யம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது பூஜ்யமல்ல. தாக்கல் செய்யாத குற்றம். அதற்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டிலும் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை, ஆனாலும் அரசாங்கம் இரண்டையும் ஒன்றாக எடுத்துக் கொள்வதில்லை. அரசாங்கத்தை நாம் எத்தனையோ விஷயத்தில் குறை சொல்கிறோம்; இந்த ஒரு விஷயத்தில் அதன் கணக்கு சரி.

பூஜ்யத்திலும் ரகம் உண்டு. உப்பு விற்கிறோம், வரி 'நில்'. ஏற்றுமதியாகும் ஏலக்காய்க்கும் வரி பூஜ்யம்தான், ஆனால் சட்டத்தில் அதற்கு வேறு பெயர். ஏற்றுமதி செய்தவர் தாம் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். உப்பு விற்றவர் அப்படிக் கேட்க முடியாது. எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே வட்டம்.

நம் கையெழுத்துக் கணக்கை எடுத்துப் பாருங்கள். நாம் ஒரு இடத்தைக் காலியாக விடுவதற்கு எத்தனை காரணம் வைத்திருக்கிறோம்! கொள்முதல் நோட்டில் முதல் வரிசையில் மொத்த வியாபாரியின் பெயரை எழுதிவிட்டு, அவரிடம் வாங்கிய அடுத்த பத்துச் சரக்குக்கும் பெயர் எழுதும் இடத்தை அப்படியே விடுகிறோம். அங்கே காலி என்றால் 'மேற்படி'. சரக்கு வந்து பில் வராதபோது விலையை விடுகிறோம். அங்கே காலி என்றால் 'இனிமேல் வரும்'. சில்லறையாகவே விற்காத சரக்குக்குச் சில்லறை விலை எழுதுவதில்லை, அங்கே 'பொருந்தாது'. பெரியவர் விட்டது 'உட்கார்ந்து பேச வேண்டும்'. சில நேரம் வெறும் மறதி. இத்தனை அர்த்தத்தையும் ஒரே வெள்ளை இடத்தில் வைத்துவிட்டு, முன்பின் நம் கடையைப் பார்த்திராத ஓர் இளைஞரிடம் தாளைக் கொடுத்து ஏற்றச் சொல்கிறோம். அவர் பூஜ்யம் போட்டால் அவரை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை.

பொட்டிப்புரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மளிகைக் கடை நினைவுக்கு வராது. நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்த மலைதான் நினைவுக்கு வரும். அந்த வழக்கு வம்புக்குள் நாம் போகவில்லை. ஆனால் அந்தத் துகளின் கதையிலேயே நம் சங்கதி இருக்கிறது. நியூட்ரினோவுக்கு மின்னேற்றம் இல்லை, அது பூஜ்யம். அதன் நிறையோ அளந்து பார்த்த எதிலும் அகப்படவில்லை. அகப்படாததால் நெடுங்காலம் கோட்பாட்டில் அதையும் பூஜ்யம் என்றே வைத்திருந்தார்கள். 1998-ல் ஜப்பானில் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகத்தார், நிறை பூஜ்யமாக இருக்க முடியாது என்று காட்டினார்கள். 2015-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. சரியாக எவ்வளவு என்பது இன்றும் தெரியாது. இவ்வளவுக்கு மேல் இருக்காது என்ற எல்லை மட்டும் தெரியும். பெரிய விஞ்ஞானிகளுக்கே 'இல்லை' என்பதையும் 'இன்னும் தெரியவில்லை' என்பதையும் பிரித்து எழுதுவது இத்தனை பாடாக இருந்திருக்கிறது என்றால் நாம் எம்மாத்திரம்?

சரி, எக்ஸெல் தாளுக்கு வருவோம். அதுவே இந்த விஷயத்தில் ஒரே வாக்காக நடந்து கொள்வதில்லை. சராசரி எடுக்கும் 'ஏவரேஜ்' சூத்திரம் காலிக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் சராசரி போடும். 0 எழுதியிருந்தால் அதையும் ஒரு தலையாக எண்ணும். இது சரியான நடத்தை. ஆனால் ஒரு கட்டத்தில் சமன் குறி போட்டுக் காலியாக இருக்கும் இன்னொரு கட்டத்தைக் காட்டினால், காலி வராது; 0 வரும். விலைப்பட்டியலில் தேடி விலையை எடுத்துத் தரும் 'வி-லுக்அப்' சூத்திரமும் அப்படித்தான். அந்தச் சரக்குக்கு விலை எழுதாமல் விட்டிருந்தால், விலை எழுதவில்லை என்று சொல்லாது. 0 என்று கொண்டுவந்து கொடுக்கும். ஏல நாளுக்கு ஏல நாள் மாறும் என்பதால் ஏலக்காய் விலையை மட்டும் காலியாக விட்டு வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. மற்ற சாமானோடு சேர்ந்து ஏலக்காயும் சும்மா போனால் அன்றைய லாபம் முழுவதும் அதோடு போயிற்று.

தேதியில் இன்னும் வேடிக்கை. எக்ஸெல் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்றால் 1, மறுநாள் 2 என்று ஏறிக்கொண்டே போகும். காலியை 0 என்று எடுத்தால் அது 'ஜனவரி 0, 1900' என்று காட்டும். பஞ்சாங்கத்தில் இல்லாத நாள்! காலாவதித் தேதி பத்தியில் மூட்டைச் சரக்குக்கு நாம் தேதி போடாமல் விட்டிருப்போம். 'இன்றைய தேதிக்கு முந்தியதெல்லாம் காலாவதி' என்று சூத்திரம் போட்டால், துவரம்பருப்பு மூட்டை எல்லாம் காலாவதி என்று சிவப்பாகும். அதாவது பரவாயில்லை, கண்ணில் படும். 'காலாவதியாக இன்னும் எத்தனை நாள்' என்று நாளைக் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, முதல் பத்தை மட்டும் அச்செடுப்பவருக்கு, அந்தப் பத்தும் மூட்டைச் சரக்காகவே இருக்கும். உண்மையிலேயே நாளை காலாவதியாகிற பிஸ்கட் பாக்கெட் பதினோராவது இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் நாம் தாளைத் திறந்து பார்க்கும்போது. ஒரு புரோகிராம் அந்தத் தாளைப் படிக்கும்போது வரும் சங்கடம் தனி. நாம் கண்ணால் பார்க்கையில் காலிக் கட்டமும் ஒரு கட்டம். கோடு போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறது. கோப்பின் உள்ளே அப்படியல்ல. ஒன்றும் எழுதாத கட்டத்தைப் பற்றிப் பெரும்பாலும் அந்தக் கோப்பில் ஒரு குறிப்பும் இருக்காது. எழுதிய கட்டங்கள் மட்டுமே, 'நான் இரண்டாம் பத்தி', 'நான் நான்காம் பத்தி' என்று தங்கள் முகவரியோடு வரிசையாக இருக்கும். முகவரியைப் பார்க்காமல் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிக்கொண்டே போகிற புரோகிராம், நடுவில் ஒன்று காலியாக இருந்தால் அடுத்ததை இழுத்து அந்த இடத்தில் வைத்துவிடும். சரக்கின் பெயர், அளவு, விலை என்று மூன்று பத்தி, அளவு காலி. விலை 140 என்பது அளவு 140 ஆகிவிடும். இப்போது விலைக்கு ஆளில்லை, இருப்பில் 140 கிலோ கூடிவிட்டது. இந்தத் தவறைப் புதிதாக எழுதப் பழகும் பிள்ளைகள் உலகம் முழுவதும் செய்கிறார்கள்.

எக்ஸெல் தாளை டேட்டாபேஸ் போலப் படிக்க மைக்ரோசாப்ட் கொடுத்த பழைய டிரைவருக்கு இன்னொரு குணம். சும்மா விட்டால் அது முதல் 8 வரிசையை மட்டும் பார்த்து, இந்தப் பத்தியில் எண்கள்தாம் இருக்கின்றன என்று முடிவு கட்டிவிடும். ஒன்பதாவது வரிசையில் சரக்கு எண் '25அ' என்று எழுத்தோடு இருந்தால், அதை எண்ணாக எடுக்க முடியாமல் காலி என்று கொடுத்துவிடும். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது. இங்கே காலி என்பதற்கு 'எழுதியிருந்தது, எனக்குப் பிடிபடவில்லை' என்று ஆறாவது அர்த்தம். இப்போது பலரும் பயன்படுத்தும் பைத்தான் மொழியின் பாண்டாஸ் என்ற கருவியோ, ஆங்கிலத்தில் 'என்.ஏ.' என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரு கட்டத்தில் தனியாக இருந்தால், 'கிடைக்கவில்லை' என்று சொல்வதாக நினைத்து அதைக் காலியாக்கிவிடும். நம்மில் வாடிக்கையாளரை இனிஷியலால் குறிக்கிற கடைகள் எத்தனை! நாகராஜன் அருணாசலம் என்று ஒருவர் இருந்தால் அவர் கணக்கு அனாதை. ஸ்பேஸ் பட்டனை ஒரு முறை தட்டிவிட்டுப் போன கட்டமும் உண்டு. பார்க்கக் காலி, உள்ளே காலி இல்லை.

இந்த அவஸ்தைக்கு வழி இல்லாமல் இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் ஓர் எண்ணை வைக்க இடம் ஒதுக்கும்போது, 'இங்கே எண் மட்டும்தான் இருக்கும்' என்றும் ஒதுக்கலாம், 'எண்ணும் இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம்' என்றும் ஒதுக்கலாம். சி-ஷார்ப் என்ற மொழியில் 2005 முதல் இதற்கு ஒரு அழகான அடையாளம் உண்டு. எண் வகையின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். அந்தக் கேள்விக்குறி போட்ட பிறகு, காலியாக இருந்தால் என்ன செய்வது என்று எங்காவது ஓரிடத்தில் எழுதியே ஆக வேண்டும். அதை எழுத உட்காரும்போதுதான் அந்த இளைஞருக்கு, 'அண்ணே, பாக்கி போடாமல் 17 பேர் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்ய?' என்று கேட்கத் தோன்றும். அந்த ஒரு கேள்வியைப் பெரியவர் உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

'காலி' என்பதைக் கணிப்பொறி மொழிக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவரான டோனி ஹோர், 1965-ல் அல்கால் டபிள்யூ என்ற மொழியில், செய்வதற்குச் சுலபமாக இருந்ததால் அதைச் சேர்த்ததாகவும், அது தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றும் 2009-ல் ஒரு மாநாட்டில் சொன்னார். டேட்டாபேஸ் முறைக்கு அடிப்படை போட்ட காட் என்பவரோ, காலி ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்று 1990-ல் வெளியிட்ட நூலில் வாதாடினார்: இருக்க வேண்டியது, ஆனால் தெரியவில்லை என்பது ஒன்று, இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்பது இன்னொன்று. அவர் சொன்னதைச் சந்தை ஏற்றுக்கொள்ளவில்லை. நம் 'இனிமேல் வரும்', 'பொருந்தாது' இரண்டும் அவர் சொன்ன இரண்டுக்குப் பக்கத்தில் வருகின்றன என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைதான்.

காலியைக் காலியாகவே வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். டேட்டாபேஸில், பாக்கி 0 ஆக உள்ளவர்கள் பட்டியலைக் கேட்டால் காலியாக உள்ளவர்கள் வரமாட்டார்கள். பாக்கி 0 அல்லாதவர்கள் பட்டியலைக் கேட்டாலும் வரமாட்டார்கள்! தெரியாத ஒன்றை 0 என்றும் சொல்ல முடியாது, 0 அல்ல என்றும் சொல்ல முடியாது என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான், ஆனால் கடனாளி இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போய்விடுகிறார். ஆகவே காலியாக உள்ளவர்களைத் தனியாக மூன்றாவது பட்டியலாகக் கேட்டு வாங்க வேண்டும்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளுக்கு இந்த விஷயம் இன்னும் பெரிய தொகை. போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. ஏல விவரத்தில் வந்த சரக்கு ஒரு பத்தி, விற்ற சரக்கு ஒரு பத்தி, அதிக விலை, சராசரி விலை என்று வருகிறது. வந்ததெல்லாம் விற்றுவிடுவதில்லை. விற்காத லாட்டுக்கு விலை கிடையாது. எடுத்துக்காட்டுக்கு, ஒரே எடையுள்ள ஐந்து லாட் என்று வைத்துக் கொள்வோம். நான்கு லாட் 2,400, 2,500, 2,600, 2,300 என்று போயிற்று, ஐந்தாவது விற்கவில்லை. சராசரி 2,450. விற்காததற்கு யாராவது 0 போட்டுவிட்டால் சராசரி 1,960. கிலோவுக்கு 490 ரூபாய் குறைத்துக் காட்டிய கணக்கை நம்பி ஒரு சின்ன விவசாயி தம் காயைத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் போனால், அந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ஏலம் நின்றுபோன வாரங்களை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்ட சரக்கு. அந்த வாரங்களில் விலை பூஜ்யமாகிவிடவில்லை, ஏலமே நடக்கவில்லை. விலை வரைபடத்தில் அங்கே கோடு கீழே விழக்கூடாது. அறுந்து நிற்க வேண்டும்.

வெளிநாட்டில் நடந்ததையும் சொல்கிறோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒருவர் 2016-ல் தம் காருக்கு, கணிப்பொறிக்காரர்கள் காலி என்பதற்குச் சொல்லும் 'நல்' என்ற சொல்லையே நம்பர் பிளேட்டாக வேடிக்கைக்கு வாங்கினார். அபராதச் சீட்டில் வண்டி எண் எழுதாமல் விடப்பட்டவை எல்லாம் அவர் பேருக்கு வந்து சேர்ந்தன. 12,000 டாலருக்கு மேல். நம் கடைகளில் 'ரொக்கம்' என்ற பெயரில் ஒரு பார்ட்டி கணக்கு வைத்திருப்போமே, அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருவர் வந்து கடன் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் நடந்தது வேடிக்கையல்ல. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. கொரோனா பரிசோதனை முடிவுகளை அதில் ஏற்றியதில் 15,841 பேருடைய முடிவுகள் கணக்கில் சேராமலே நின்றன. வராத வரிசையை யாரும் 'காணோமே' என்று தேடவில்லை. தொற்று குறைவு என்றே நாட்கள் ஓடின.

நாம் சொல்வதற்கு மறுப்பு வரும் என்று தெரியும். எல்லாக் கட்டத்தையும் கட்டாயம் நிரப்பச் சொல்லிவிட்டால் போயிற்று, காலி என்ற பேச்சே இருக்காது என்பார்கள். சாப்ட்வேர் விற்கும் நண்பர்களே அப்படிச் சொல்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கட்டாயப்படுத்தினால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? தொலைபேசி எண் கேட்டால் பத்து 9 அடிப்பார்கள். தேதி கேட்டால் ஜனவரி 1 போடுவார்கள். விலை கேட்டால் 1 ரூபாய். வரிசையில் நாலு பேர் சாமானுக்கு நிற்கும்போது திரை 'நிரப்பு, நிரப்பு' என்று வழிமறித்தால் வேறென்ன செய்வது? காலிக் கட்டம், எனக்குத் தெரியாது என்றாவது உண்மை சொல்கிறது. பத்து 9 பொய் சொல்கிறது, அதுவும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு. அதைக் கண்டுபிடிப்பது காலியைக் கண்டுபிடிப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டம்.

நாம் கேட்பது வேறு. பழைய கணக்கைப் புது சாப்ட்வேரில் ஏற்றித் தருகிறவர்கள், ஏற்றுவதற்கு முன் எந்தப் பத்தியில் எத்தனை கட்டம் காலி என்று ஒரு காகிதத்தில் அச்செடுத்து நம்மிடம் கையெழுத்து வாங்கட்டும். விலை, பாக்கி, காலாவதித் தேதி ஆகிய மூன்றிலும் காலிக்குப் பதில் 0 போடும் வாக்கியம் புரோகிராமில் இருக்கவே கூடாது. விலை இல்லாத சரக்குக்குப் பில் போட முயன்றால் கணிப்பொறி நின்று விலையைக் கேட்கட்டும். 0 ரூபாய்க்குப் போடக்கூடாது. பாக்கி தெரியாதவருக்குப் பில்லில் அந்த இடத்தில் கோடு மட்டும் அச்சாகட்டும். இதற்கு நூறோ இருநூறோ கூடக் கேட்டால் கொடுத்துவிடலாம்; 17 பேர் பாக்கியில் அது எத்தனையில் ஒரு பங்கு! நம் பங்குக்கு, தாளைக் கொடுக்கும் முன் 'மேற்படி' என்று விட்ட இடங்களில் பெயரை எழுதிவிட்டுக் கொடுப்போம். பெயர் கட்டங்களை ஒன்றாக இணைத்து அழகு பார்ப்பதையும் விட்டுவிடுவோம். இணைத்த கட்டத்தில் மேலே உள்ள ஒன்றுதான் எழுதியது, மற்றதெல்லாம் உள்ளே காலி. வீட்டில் பெரியவர்கள் இருக்கும் கடைக்காரர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் ஒரு மாலை உட்காருவது நல்லது.

ஜி.எஸ்.டி. ஒப்பீட்டிலும் இதே கண் வேண்டும். மாதாமாதம் 2பி விவரத்தை எக்ஸெலில் இறக்கி, நம் கொள்முதல் நோட்டோடு பொருத்திப் பார்க்கிறோம். நம்மிடம் உள்ள ஒரு பில்லுக்கு நேரே அங்கே காலி என்றால், சப்ளையர் அந்த மாத விவரத்தையே தாக்கல் செய்யாமல் இருக்கலாம், தாக்கல் செய்து நம் பில்லை மட்டும் விட்டிருக்கலாம், நம் ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாக அடித்து வேறு யாருக்கோ போட்டிருக்கலாம். மூன்றுக்கும் போனில் பேச வேண்டிய பேச்சு வேறு வேறு. '0' என்று நிரப்பிக் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு, வரவு குறைந்தது தெரியும். யாரிடம் பேசுவது என்று தெரியாது.

பொட்டிப்புரத்து உறுப்பினரின் கடைக்கு அப்புறம் ஒரு நாள் போயிருந்தோம். அந்த 17 பேரின் 0.00-ஐ அழித்துக் காலியாக்கப் பார்த்திருக்கிறார், சாப்ட்வேர் விடவில்லை. எண் மட்டும்தான் போடலாம் என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறதாம். விற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார், அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. 17 பெயரும் அதில் கையால் எழுதியிருந்தது. தொகை இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'கேட்க வேண்டும்' என்று பென்சிலால் குறித்திருந்தார். அந்த அம்மாளையும் சேர்த்து ஐந்து பேருக்கு நேரே தொகை ஏறியிருந்தது.